ஐம்பது தலையாட்டல்

ஒருவர் சொன்னதை நீங்கள் காதுகொடுத்துக் கேட்டீர்கள் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னால், எதைக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் தகவல்தொடர்பியல் படித்த டெல்லா ஹூக்ஸ்ட்ராவுக்கு இந்தக் கேள்வியால் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை பட்டமளிப்பு. திங்கட்கிழமை உள்ளூர் வானொலியில் வேலைக்குச் சேர வேண்டும். பட்டம் இல்லையென்றால் வேலையும் இல்லை. அவள் அம்மாவோ பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவிலிருந்து, பெரிய தட்டு நிறைய பன்றி இறைச்சி போட்டுச் சுட்ட ஹாம் காசரோலோடு காரில் கிளம்பியாயிற்று.

பட்டம் பெற விரும்பும் ஒவ்வொருவரும் பன்னிரண்டு திறன்களுக்கும் அத்தாட்சி அடங்கிய கோப்பு ஒன்றை ஒப்படைத்தாக வேண்டும் என்பது கல்லூரியின் மேலான ஆணை. எழுத்துத் திறனுக்கு டெல்லா கட்டுரை வைத்தாள். தலைமைத் திறனுக்கு, அந்த வருஷத்து மோஸ்தர்படி, மலைக்கு முன்னால் கைகட்டி நிற்கும் படம். கண்ணுக்கெட்டிய வரை சமவெளியான அயோவாவில் மலைக்கு எங்கே போவது? மலை வரைந்த திரையைச் சோளக்காட்டு ஓரம் கட்டி, வகுப்பே வரிசையில் நின்று எடுத்துக்கொண்டது. பத்தொன்பது தலைவர்கள், ஒரே மலை.

கேட்கும் திறன்தான் உதைத்தது. அறைத்தோழி தன் காதல் முறிந்த கதையைச் சொல்ல, டெல்லா உட்கார்ந்து கேட்கும் வீடியோவை வைத்திருந்தாள். 'மேற்படி மாணவி இறுதிவரை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்' என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மதிப்பீட்டுக் குழுவின் முன் போய் நின்றாள். குழு என்றால் இரண்டே பேர்: பேராசிரியர் வெண்டல், பேராசிரியை மிரியம்.

"சார், கேக்குறதுன்னா அப்படித்தானே இருக்கும்?"

"தலையாவது ஆட்டியிருக்கலாமேம்மா" என்றார் மிரியம்.

"ஆட்டினேன் மேடம். நாப்பத்திரண்டு தடவை."

வெண்டல் அட்டவணையைப் புரட்டினார். "ஐம்பதுன்னு போட்டிருக்கு. எட்டு குறையுது."

"கதையே அவ்வளவுதான் சார். அதுக்குள்ள அவ அழ ஆரம்பிச்சுட்டா."

"அழுகைக்குத் தனிப் பத்தி இருக்கு. சரி, உக்காரு. எங்க முன்னாடியே கேட்டுக் காட்டு."

வெண்டல் தொடங்கினார். அவர் படித்த காலத்தில் தொலைபேசிக்கு வால் மாதிரி வயர் இருந்ததாம். நடுவில் மிரியம், கார் நிறுத்துமிடத்தில் தன் இடத்தை யாரோ பிடித்துவிட்ட அநியாயத்தை எடுத்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். பதினேழு... இருபத்தெட்டு... எண்ணிக்கை தவறினால் அம்மாவின் காசரோல் வீண்.

ஐம்பதாவது ஆட்டலில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அதே நேரம் அலுவலகச் செயலாளர் கிளாடிஸ் கதவு வழியே தலையை நீட்டினாள்.

"முடிவு என்னன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. சாப்பிடப் போகணும்."

வெண்டல் மிரியத்தைப் பார்த்தார். "கடைசியா நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்றப்ப நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"அது... நீங்க கேக்கலையா?"

இருவரும் ஒன்றாக டெல்லா பக்கம் திரும்பினார்கள்.

"இந்தப் பொண்ணு ஒருத்திதான் கேட்டுக்கிட்டு இருந்தா" என்றார் மிரியம். "நீயே எழுதிடும்மா."

டெல்லாவின் காதில் ஐம்பது எண்களைத் தவிர வேறு எதுவும் விழுந்திருக்கவில்லை. பேனாவை வாங்கினாள். சுளுக்கிய கழுத்தோடு, 'மேற்படி மாணவி பன்னிரண்டு திறன்களிலும் சிறந்து விளங்குவதாகக் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது' என்று எழுதி நீட்டினாள்.

படிக்காமலே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை விடாம பிடிச்சிருக்கா, பாருங்க. டெல்லா, அடுத்த வருஷத்துப் பசங்களுக்குக் காதுகொடுத்துக் கேக்குறது எப்படின்னு ஒரு மணி நேரம் வந்து பேசிட்டுப் போம்மா."