பின்னறைக்குப் போன மீன் தொட்டி

அன்று காலை மணவாளன் ஒரு பெரிய முடிவு எடுத்தார். மீன் தொட்டியைப் பின்னறைக்கு மாற்றிவிடுவது.

இதில் பெரிய முடிவு என்ன இருக்கிறது என்று கேட்டுவிடக் கூடாது. மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தொட்டி அது. ஆரணியில் அவர்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. தெருப்பக்க அறையில், சன்னலை ஒட்டி இருந்தது. உள்ளே ஆற்றுமணல், தளதளவென்று பாசிச்செடிகள், ஆறு மீன்கள். எதிரே சாய்வு நாற்காலி. அதில் மணவாளன். மீன்களாவது அவ்வப்போது நகரும்.

நடு அறையில் மனைவி குணசுந்தரி பட்டு நெய்தாள். இவருக்கு இடுப்புவலி. சினிமாக் கொட்டகையில் மூன்று மணி நேரம் வராத வலி, தறியைக் கண்டதும் வந்துவிடும்.

முந்தின நாள் சாப்பிடும்போதுதான் அந்த இடி விழுந்தது.

“இன்னாங்க, இன்னொரு தறி போடலாம்னு இருக்கேன். நீங்க நெய்யத்தான்.”

மணவாளன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். “நானா? எங்க போடுவ?”

“பின்னறை காலியாத்தானே கீது?”

“முன்னறையில போடலியா?” என்று ஆழம் பார்த்தார்.

“அய்யய்யோ! தெருப்புழுதியெல்லாம் பட்டுல படியும். போறவன் வரவன் கண்ணு வேற. அங்க ஆகவே ஆகாது. நாளைக்கு சேவூர் போயி, தறி போடற ஆளை இட்டுகினு வந்துர்றேன்.”

அவள் பஸ் ஏறியதும் மணவாளனுக்கு மூளை வேலை செய்தது. ஒரு வருடமாக வீட்டில் அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். செடி வேர்விட்ட தொட்டியை விரலளவுகூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் செடியும் சாகும், மீனும் சாகும். குணசுந்தரி அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூட நீட்டுவதில்லை. அந்தத் தொட்டி பின்னறையில் போய் உட்கார்ந்துவிட்டால்? தறிக்கு இடமில்லை. இடமில்லையென்றால் தறியே இல்லை!

அடுத்த வீட்டு சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டார்.

“நகத்தினா செத்துரும்னீங்களேண்ணா?”

“தெரியாதவன் நகத்தினா சாகும். புடி.”

“அப்படியே ஒரே தூக்காத் தூக்கிரலாமா?”

“தூக்குவ! அடிக்கண்ணாடி பொளந்துகினு, அப்புறம் தெருவே மீன் புடிக்கும்.”

தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு பித்தளை அண்டாவில் ஊற்றினார்கள். மீன்களுக்குப் பழகிய தண்ணீர், ஒரு சொட்டு வீணாகக் கூடாது. மெல்லிய துணியால் மீன்களை அள்ளி அதில் விட்டார். மணலுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நின்றது. துவண்டு சாய்ந்த செடிகளுக்கு ஈரத்துண்டு போர்த்தினார். தொட்டியை அது உட்கார்ந்திருந்த பலகையோடு ஈரச் சாக்கில் இறக்கி, பட்டு இழை அறுந்துவிடும் என்பதுபோல மெல்ல இழுத்தார்கள்.

நடு அறை வாசற்படியில் ‘க்ரீச்’ என்றது கண்ணாடி. இருவருக்கும் உயிர் போய் வந்தது. கண்ணாடி பிழைத்துக்கொண்டது.

பின்னறையில் பெஞ்சின்மேல் ஏற்றி, மணல் கலங்காமலிருக்க ஒரு தட்டை வைத்து, அதன்மேல் பழைய தண்ணீரை ஊற்றினார்கள். செடிகள் எழுந்து நின்றன. மீன்களை விட்டு எண்ணினார். ஐந்து!

“டேய், கறுப்பு மீன் எங்கடா?”

சிவப்பிரகாசம் கையிலிருந்த சொம்பை முற்றத்தில் கவிழ்க்கப் போய் அலறினான். “அய்யோ, இதுக்குள்ள நீந்திகினு கீதுண்ணா!”

நான்கு மணிக்குக் குணசுந்தரி வந்தாள். கூடவே, தறிக்குக் கால்குழி வெட்டக் கடப்பாரையோடு தறிக்காரர் திருமலை. மணவாளன் முகத்தை இழவு வீட்டு முகமாக்கிக்கொண்டார்.

“சுந்தரி, தொட்டிய இங்க வெச்சுட்டேன். இனிமே அசைக்க முடியாது. தறிக்குத்தான் இடமில்ல, பாவம்.”

அவள் எட்டிப் பார்த்தாள். “ஒரு செடிகூட சாயலியே!”

“பாதி பாரம் அண்ணன்தான் தாங்கினாருக்கா!” என்றான் சிவப்பிரகாசம் பெருமையாக. “இடுப்பா அது, இரும்பு!”

மணவாளன் அவனை முறைப்பதற்குள் அவள் முன்னறைக்குத் திரும்பிவிட்டாள். “திருமலை அண்ணா, அந்த சன்னல் கிட்டதான். ஜல்தியா குழிய வெட்டுங்க.”

மணவாளன் பின்னாலேயே ஓடினார். “அங்கயா? புழுதி? கண்ணு?”

“ஒரு துணி கட்டிக்கலாம். பின்னறை இருட்டுல கறுப்பும் அரக்கும் ஒண்ணாத் தெரியும், அங்க எவன் நெய்வான்? இந்த வெளிச்சத்துக்குத்தான் ஒரு வருஷமா காத்துகினு இருந்தேன். நான் நகத்துங்கன்னா செத்துரும்பீங்க. அதான், நீங்களே நகத்தற மாதிரி சொன்னேன்.”

மணவாளன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

திருமலை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. நெய்யறவங்க கால் அளவுக்குத்தான் குழிய வெட்டணும். நல்லாத் தொங்கப் போடுங்க.”

தலை ஏற்கெனவே தொங்கிவிட்டது. மணவாளன் காலையும் தொங்கப் போட்டார்.