சொந்தக்காரர் இல்லாத சுற்றுலா

பப்புவா நியூ கினி தோன்றிய நாளிலிருந்து எவனும் துணியாத காரியம் ஒன்றை, லே நகரத்து இரும்புச் சாமான் கிடங்கின் கணக்கர் நவோங், தேநீர் வேளையில் சிமென்ட் மூட்டைமேல் ஏறி நின்று உலகத்துக்கு அறிவித்தார். வருகிற வெள்ளிக்கிழமை அவர் மலைமேல் இருக்கும் கொரோகா நகரத்துக்குச் சுற்றுலா போகிறார். அவரும், கணக்குப் பிரிவு கிலாவும், சொந்தமாக வண்டி வைத்திருக்கும் சைலஸும். நண்பர்கள் மூவர் மட்டும். சொந்தக்காரர் ஒருவர்கூட வரப்போவதில்லை.

உலகம், அதாவது கிடங்கு, பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தியது.

"ஒருத்தர்கூடவா?" என்றார் மேனேஜர் ட்ரெவர். ஆஸ்திரேலியாக்காரர். லேயில் வெகுகாலம் இருந்து, ஆச்சரியப்படுவதையே விட்டுவிட்டவர். "நவோங், நீங்க பல்லு பிடுங்கப் போனப்பவே ஒரு கும்பல் கூட வந்துச்சு. டாக்டருக்கு நிக்க இடமில்ல."

"அது வேற, இது வேற. ஒரே ஒரு சொந்தக்காரன் எங்ககூட வண்டியில ஏறினாலும் சரி, இனிமே ஸ்டாஃப் மீட்டிங்ல நான் வாயத் திறக்க மாட்டேன்."

கிடங்கில் பலருடைய முகத்தில் நம்பிக்கை பிறந்தது.

நவோங்குக்கு மீட்டிங்கில் பேசுவது மூச்சு விடுவது மாதிரி. அதைப் பணயம் வைத்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், அந்தக் கிடங்கில் பாதிப்பேர் அவருடைய கடற்கரைக் கிராமத்துக்காரர்கள். ஒரே பாஷை பேசுகிறவன் வான்டோக். வான்டோக் போகிற வண்டியில் வான்டோக்குக்கு இடம் உண்டு. சீட்டில் இல்லையென்றால் மடியில் உண்டு.

அன்று சாயங்காலமே வாசல் காவலாளி கெபாஸ் வழிமறித்தான்.

"மாமா, சைலஸ் அண்ணன் வண்டில அஞ்சு சீட்டு. போறது மூணு பேரு."

"மிச்சத்துல பை வைப்போம்."

"பைய நான் மடியில வெச்சுக்கிறேன்."

"கெபாஸ், இது சுற்றுலா. சுற்றுலான்னா, தெரியாத ஊர்ல தெரியாதவன் மாதிரி நடக்கறது. நீ பக்கத்துல நின்னு மாமா மாமான்னா நான் எப்படித் தெரியாதவன் ஆவேன்?"

கெபாஸ் யோசித்தான். "அப்ப உங்கள அங்க பேர் சொல்லிக் கூப்பிடுறேன்."

மறுநாள் கிலா சொன்னாள்: "முடியாதுன்னு ஒரு வார்த்தை இருக்கு. சொல்லிப் பழகு."

"முடியாதுன்னா சண்டை வரும். நான் புத்தியால ஜெயிக்கிறவன்" என்றார் நவோங். புத்தியின் முதல் விளைவு, அறிவிப்புப் பலகையில் அவரே எழுதி ஒட்டிய எச்சரிக்கை: கொரோகாவின் குளிர் ஆளைக் கொல்லும், தடித்த கோட்டு இல்லாதவர் பயணத்தை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

லே, வெயிலும் மழையும் முறை வைத்து ஊரை ஆவியில் அவிக்கிற இடம். கோட்டுக்கு அங்கே என்ன வேலை?

அடுத்த நாள் காலையில் கிடங்கே கோட்டு போட்டு நின்றது. பழைய துணிக்கடைகள் காலி. சரக்குத் தூக்கி வண்டி ஓட்டுகிறவர், கழுத்தில் முயல் ரோமம் வைத்த சீமாட்டிக் கோட்டில் இருந்தார். கெபாஸ், பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் போடும் ஆரஞ்சு நிற முழு உடுப்பில் வாசலில் நின்று, வாடிக்கையாளர்களுக்கு சல்யூட் அடித்தான். ஒவ்வொரு சல்யூட்டுக்கும் கைநுனியில் வியர்வை கொட்டியது.

"நாங்க ரெடி மாமா" என்றான்.

நவோங் அசரவில்லை. மத்தியானம் சைலஸை விட்டுச் சொல்ல வைத்தார்: வண்டியின் கியர் பெட்டி போய்விட்டது, பயணம் சந்தேகம்.

கிடங்கு மூடுவதற்குள் வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. கெபாஸின் மச்சான் பஸ். அதில் சீட்டுகளும் இருந்தன, சீட்டுகளுக்கு நடுவே பெஞ்சுகளும் இருந்தன.

"அந்தச் சின்ன வண்டில உங்களுக்குக் கால் நீட்ட முடியாதேன்னு எனக்குத் தூக்கமே வரல மாமா" என்றான் கெபாஸ்.

மேனேஜர் ட்ரெவர் ஜன்னலிலிருந்து பஸ்ஸைப் பார்த்தார். நவோங்கைப் பார்த்தார். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்து, பூட்டில் சாவியைத் திருகுவது போலக் காட்டினார்.

இந்த அவமானம்தான் நவோங்கை மாமேதை ஆக்கியது. மறுநாள் காலை, சவரம் செய்யாத முகத்தோடு வந்து, கிடங்கின் நடுவில் நின்று தழுதழுத்தார்.

"சுற்றுலா ரத்து. கொரோகாவுல இருந்த என் தாய்மாமன், எங்கம்மா கூடப்பிறந்த அண்ணன், ராத்திரி போயிட்டாரு. நானும் கிலாவும் சைலஸும் மட்டும் போயி அடக்கத்த முடிச்சிட்டு வர்றோம். யாரும் சிரமப்பட வேண்டாம்."

கொரோகாவில் அப்படி ஒரு மாமன் கிடையாது. எந்த ஊரிலும் கிடையாது. அவசரத்தில் அவருக்கு ஒரு பெயர் வைக்கக்கூட நவோங் மறந்திருந்தார்.

கெபாஸின் கண்கள் நிறைந்தன. "யகாம் பெரியவரா?"

பெயர் இலவசமாகக் கிடைத்தது. "அவரேதான்" என்றார் நவோங்.

கெபாஸ் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்துச் சரக்குத் தூக்கி வண்டிக்காரர் உட்கார்ந்தார். பொட்டலம் கட்டும் பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். யாரோ மழைத்தண்ணீரில் களிமண் குழைத்து துக்கக் குறியாக முகத்தில் பூசத் தொடங்கினார்கள். கிடங்கு, ஆணி வாங்க வந்தவர்கள் உட்பட, துக்க வீடாயிற்று.

கிலா அவரைத் தகர அடுக்குக்குப் பின்னால் இழுத்தாள்.

"உனக்குச் சாவ விட்டா வேற பொய்யே கிடைக்கலையா?"

"சாவுன்னா சுற்றுலா இல்லல்ல? ஆசைப்பட்டு எவன் வருவான்?"

"ஏய்யா, நீ இந்த ஊர்லதான் பிறந்தியா? உசுரோட இருக்கிறவனப் பாக்க நாலு பேரு வருவான். செத்தவனப் பாக்க ஊரே வரும். வரலைன்னாத்தான் குத்தம்."

அது நவோங்குக்கும் தெரியும். மேதைகளுக்குத் தெரிந்த விஷயம் தேவைப்படும்போது ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

ட்ரெவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். துக்கத்துக்குப் போகிற எல்லாருக்கும் லீவு தந்தார். நவோங்கின் தோளைத் தட்டி, "பந்தயத்த விடுங்க, இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு" என்றார்.

"விடமாட்டேன்" என்றார் நவோங், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "பந்தயம் சுற்றுலாவுக்கு. துக்கத்துக்கு வர்றவன் கணக்குல சேர மாட்டான்."

வெள்ளிக்கிழமை பஸ் கிளம்பியது. அரிசி மூட்டைகள், மீன் டின்கள், பாக்குக் குலைகள், கால் கட்டிய ஒரு பன்றி, எல்லாவற்றுக்கும் மேலே முகத்தில் மண் பூசிய கோட்டுக்காரர்கள். நவோங்குக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. மடியில் யாரோ ஒருவரின் குழந்தையும் கிடைத்தது.

வழியெல்லாம் யகாம் பெரியவரின் புகழ்தான். அவர் துடுப்பால் சுறாவை அடித்து விரட்டியதைக் கெபாஸ் விவரித்தான்.

"சுறா இல்ல, முதலை" என்றார் சரக்குத் தூக்கி வண்டிக்காரர்.

"முதலை அதுக்கு முந்தின வருஷம்ணே."

என்னைத் தோளில் வைத்துச் சந்தைக்குத் தூக்கிப் போனாரே என்று பின்சீட்டில் ஒரு பெண் விம்மினாள். கேட்கக் கேட்க நவோங்கே யகாமை நம்பத் தொடங்கினார். இப்படிப்பட்ட மனிதரை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் போனோமே என்று அவர் வாய்விட்டே அழுதார். கிலா அவர் தொடையில் கிள்ளினாள்.

கணவாய் ஏறியதும் காற்று சில்லிட்டது. கோட்டுகளுக்கு அர்த்தம் வந்தது. புல் மேடுகள், மேகம், காப்பித் தோட்டங்கள். அழுகைக்கு நடுவே எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தன. நவோங் மட்டும் எதையும் பார்க்கவில்லை. கொரோகா நெருங்க நெருங்க அவரை ஒரு கேள்வி துரத்தியது. அதை பஸ் ஓட்டிய மச்சான் ஊர் எல்லையில் கேட்டார்.

"ஊர் வந்துருச்சு. எழவு வீடு எந்தப் பக்கம்?"

எல்லாத் தலைகளும் நவோங் பக்கம் திரும்பின.

"ஏதாவது ஒரு வீட்டக் காட்டு" என்று சைலஸ் கிசுகிசுத்தான்.

"காட்டட்டும்" என்றாள் கிலா. "நல்லா இருக்கிற மனுஷன் வீட்டு வாசல்ல இத்தன பேரும் போய் இறங்கி ஒப்பாரி வைப்போம். மலைக்காரங்க சும்மா விடுவாங்க பாரு. ராத்திரிக்குள்ள நிஜமாவே ஒரு சாவு விழும்."

நவோங் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"வண்டிய நிறுத்து. யாரும் சாகல. யகாம்னு ஒருத்தர் இல்லவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்? உங்ககிட்டேருந்து தப்பிக்கத்தான். மடியில யாரு பிள்ளையும், யாரு பையும், யாரு பன்னியும் இல்லாம, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஜன்னல் வழியா மலையப் பாக்கணும்னு ஆசப்பட்டேன். அது தப்பா? தப்புன்னா தப்பாவே இருக்கட்டும். மன்னிப்புக் கேக்க மாட்டேன். இறக்கி விடுறதுன்னா இங்கயே இறக்கி விடுங்க. மீட்டிங்லயும் பேசுவேன், அதுவும் இந்த விஷயத்தத்தான் பேசுவேன்."

பன்றிகூட உறுமலை நிறுத்தியது.

கெபாஸ் ஆரஞ்சு உடுப்பின் கைநுனியால் முகத்து மண்ணை நிதானமாகத் துடைத்தான்.

"உக்காருங்க மாமா. உங்கம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதுன்னு ஊருக்கே தெரியும். சாவுன்னாத்தான் சம்பளத்தோட லீவு."