கோமளாவின் ஆறு அங்குல ஓட்டை

தில்லியில் அரசுக் குடியிருப்புகளின் சுவர்கள் இன்னும் விழாமல் நிற்பதற்குச் சிமென்ட்தான் காரணம் என்று சில அப்பாவிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. ஜோதிலிங்கம்தான் காரணம். சுவர்களைக் காக்கும் இலாகாவில் 'வெளிப்புறத் தோற்றம்' என்ற பிரிவுக்கு அவர் அதிகாரியாகி ஒரு வருடமாகிறது. அதற்குள் ஓர் ஆணி அடிக்கக்கூட எவருக்கும் அனுமதி போனதில்லை. அலுவலக ரகசியத்தை வீட்டு வாசலிலேயே கழற்றி வைத்துவிடும் உத்தமர் என்பதால், எந்தப் பிரிவு என்பதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மனைவி கோமளாவும் மத்திய அரசு ஊழியர்தான். கிட்வாய் நகர் வீடு அவள் பெயரில்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. மிளகாய் தாளித்தால் புகை வெளியேற வழியில்லாத சமையலறை அது. இந்தப் புகையில் இனியும் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதறிப்போன மகள் ஷ்ருதி, புகையை உறிஞ்சி வெளியேற்றும் சிம்னி ஒன்று வாங்கி அனுப்பினாள். மாட்ட வந்த மெக்கானிக் பையா, வெளிச்சுவரில் ஆறு அங்குலத்துக்கு ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட வேண்டும், அரை மணி நேர வேலை என்றான்.

"பர்மிஷன்?" என்று ஜோதிலிங்கம் அவன் கையைப் பிடித்தார்.

பையா சிரித்தான். அதே கட்டடத்தில் பதினைந்து வீடுகளுக்கு அவன்தான் ஓட்டை போட்டானாம். ஒருவரும் யாரையும் கேட்கவில்லையாம். நாட்டை நினைத்து நொந்துபோன ஜோதிலிங்கம், அன்றே கோமளாவிடம் கையெழுத்து வாங்கி விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் சேர்த்தார். நாலாம் நாள் அது அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

சாதாரண மனிதனாக இருந்தால் ஒரு கையெழுத்தைக் கிறுக்கித் தொலைத்திருப்பான். ஆனால் மனைவிக்குச் 'சலுகை' காட்டினார் என்று நாளைக்கு எவனாவது நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிட்டால்? "புகை எழுகிறது என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை" என்று குறிப்பெழுதி, எழுத்தரின் கையெழுத்தோடு திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அதே மனிதர் கணவராகக் கொதித்தார்.

"அந்த செக்‌ஷன்ல எவனோ ஒரு கிறுக்கன் உட்கார்ந்திருக்கான்."

கோபம் உண்மையானது. கோமளாவை மிளகாய் வறுக்கச் சொல்லி, அவள் இருமிக்கொண்டே வறுக்க, செல்போனில் படம் எடுத்து அவரே அனுப்பினார். மறு வாரம் அலுவலகத்தில் அதைத் துருவித் துருவி ஆராய்ந்து, "படத்தில் புகை அதிகமாக இருப்பதால் புகை தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதினார். பிறகு டாக்டர் சான்றிதழ் போயிற்று. அதில் இருமல் என்று இருக்கிறதே தவிர, சமையலறை இருமல் என்று இல்லை. தில்லிக் காற்றின் 'தூய்மை'க்குத் தன் சாம்பாரால் கேடு வராது என்று விண்ணப்பதாரர் உறுதிமொழி தர வேண்டும் என்றும் ஒரு கடிதம் வந்தது. அவள் அதையும் தந்தாள். இப்படியே எட்டு மாதம் ஓடியது. சிம்னி பெட்டி பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது.

ஒரு ஜனவரிக் காலையில், தாளித்த கரண்டியோடு கோமளா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலரை நாலு முறை இழுத்தும் மூச்சு வரவில்லை. மூச்சு திரும்பிய பிறகு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பையாவைக் கூப்பிட்டாள். அரை மணி நேரம்தான் ஆயிற்று. அன்று ஜோதிலிங்கம் வத்தக்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதிரே கோமளாவும் இருமாமல் சாப்பிட்டாள்.

மறுநாள் அவர் அலுவலகம் போய்க் கடமையைச் செய்தார். கேட்காமல் போட்ட பதினைந்து ஓட்டைகளுக்கும் கோப்பு கிடையாது. கோப்பு இல்லாத ஓட்டை, அரசின் பார்வையில் ஓட்டையே அல்ல. ஆகவே அந்தக் கட்டடத்தின் ஒரே சட்டவிரோத ஓட்டை, முறைப்படி அனுமதி கேட்ட கோமளாவுடையதுதான். ஏழு நாளில் அடைக்காவிட்டால் வீடு ரத்து என்று நோட்டீஸ் தயாராயிற்று. நோட்டீஸில் மட்டும் அதிகாரியே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. விதியை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

நோட்டீஸ் வந்த அன்று கோமளா பீரோவிலிருந்து ஷ்ருதியின் பழைய பள்ளி மார்க் கார்டை எடுத்துவந்து, அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து இருந்தது.

ஜோதிலிங்கம் நோட்டீஸை எடுத்துத் தேதியைச் சரிபார்த்தார். "அவன் டியூட்டியைத்தான் செஞ்சிருக்கான், கோமளா" என்றார்.

"ஆமா, செஞ்சிருக்கான். ராத்திரி பூரா என் பக்கத்துல படுத்து நான் இருமுறதைக் கேட்டுட்டு, காலையில போய் புகைக்கு ஆதாரம் கேட்டிருக்கான்."