வலப்பக்கம் திரும்பாத பலகைகள்

யெல்கா வலப்பக்கம் திரும்ப நினைத்தாள். காலில் மாட்டிய பனிச்சறுக்குப் பலகைகள் இடப்பக்கம் போயின.

இரவெல்லாம் உறைந்து இரும்பாகிவிட்டிருந்தது சரிவு. காலடியில் பலகைகளின் எஃகு விளிம்பு பனியைக் கீறி, 'க்றீச்' என்று நீளமாக ஒலித்தது. அந்த ஒலி அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கணவர் ராய்கோ நிலவறையில் உட்கார்ந்து அவளுடைய பலகைகளுக்கு அரம் போடும் ஒலி. "நீ தொடாதே, கையை அறுத்துக்குவே" என்பார். அவளுக்காக அவர் செய்த காரியங்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

போன இலையுதிர்காலத்தில் ராய்கோ இறந்துவிட்டார்.

மூடுபனிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது. பலகைகள், வீடு தெரிந்த மாடு மாதிரி, சூப்பு விற்கும் தில்காவின் குடிலுக்கு முன்னால் போய் நின்றன. ராய்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்போடு உட்கார்ந்து, அவள் சறுக்கி வந்து சேரக் காத்திருக்கும் குடில். அவருடைய கம்பளித் தொப்பி இன்னும் அங்கே ஆணியில் தொங்கியது.

யெல்கா பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மரங்களுக்கு நடுவே நடந்து அடிவாரத்துக்கு வந்தாள். மகள் நுஷா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்கேம்மா போயிட்டே? நான் சரிவையே பாத்துக்கிட்டு நிக்கிறேன், நீ காட்டுக்குள்ளேருந்து வரே!"

"பலகை சரியில்லைடி."

"அப்பா இருந்தப்பவும் இதே கதைதான். உன் இடது கால் நிக்காதுன்னு அவரே சொல்வார். நாம பேசின பேச்சு பேச்சா இருக்கணும். ஒரே ஒரு தடவை நேரா இறங்கி என் முன்னாடி வந்து நில்லு. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட டவுனுக்கு வந்துடு."

பழைய பலகைகளைத் துக்கம் முடிந்த கையோடு யாருக்கோ தூக்கிக் கொடுத்தவளும் இவள்தான். அதனால்தான் யெல்கா இன்று போருத்தின் கூடாரத்துக்கு வந்திருந்தாள். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க அவன் பலகைகள் தருவான்.

"புதுசுல்ல அக்கா, அப்படித்தான் முரண்டு பிடிக்கும்" என்றான் போருத், முகத்தைப் பார்க்காமல். "கால் மாத்திப் போட்டுப் பாருங்க."

மாற்றிப் போட்டாள். மறுபடியும் இடப்பக்கம். மறுபடியும் மஞ்சள் விளக்கு.

"வாடி, ஒரு கிண்ணம் ஊத்தட்டுமா?" என்றாள் தில்கா.

குடிலுக்குள் புளித்த முட்டைக்கோஸ் சூப்பின் ஆவி. ஏழெட்டு அந்நியர்கள் சறுக்குக் காலணியோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸாக்ரெப் நகரத்திலிருந்து வந்த ஒரு நெட்டை மனிதர் மட்டும், யாரும் கேட்காமலே, "நான் சூப்புக்காகத்தான் வந்தேன்" என்றார்.

யெல்கா தொப்பியைப் பார்க்காமல் வெளியேறினாள்.

மூன்றாவதாகப் போருத் ஒரு விறைப்பான ஜோடியைக் கொடுத்தான். "பந்தயக்காரங்க போடறது. சொன்னபடி கேக்கும்."

கம்பிவடத்தில் தொங்கி மேலே போகும் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு இடது காலைப் பற்றித்தான் நினைவு. வலப்பக்கம் திரும்ப இடது காலில் பாரம் இறங்க வேண்டும். அவளுடைய கால் அதைத் தாங்காது. ராய்கோ பரிதாபமாகச் சொல்லிச் சொல்லி அது அவள் சுபாவம் போலவே ஆகிவிட்டிருந்தது. வீட்டில் ஏணி ஏறியதில்லை. கல்யாணங்களில் ஆடியதில்லை. இந்தச் சரிவின் வலது கிளை ஏரிப்பக்கம் இறங்குகிறது என்பார்கள். அவள் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் காற்று குவித்த மென்மையான பனி. அங்கே பலகைகள் வலப்பக்கம் திரும்பின! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஏரிப்பக்கத்து வெளிச்சம்கூடத் தெரிந்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் காலடியில் மீண்டும் இரும்புப் பனி. 'க்றீச்.' யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் திருப்பினதுபோல இடப்பக்கம் இழுபட்டாள், முன்னைவிட வேகமாக.

"ராய்கோ! விடுங்க!" என்று கத்தினாள். "போதும், விடுங்க!"

மூடுபனியில், பக்கத்தில் ஓர் உயரமான உருவம், வாயைப் பிளந்தபடி, சத்தமே இல்லாமல், அவளோடு சேர்ந்து அந்த விளக்கை நோக்கி வழுக்கிப் போனது. குடில் வாசலில் நின்ற பிறகுதான் அது ஸாக்ரெப்காரர் என்று தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் சூப்பு" என்றார் அவர், வெளிறிப்போய்.

யெல்கா அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தாள்.

"தில்கா, அவர் என்னைக் கூப்பிடறார்டி. எந்தப் பலகையைப் போட்டாலும் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தறார். நான் நுஷாகூடவே போயிடறேன். எனக்கு இந்த மலையே வேண்டாம்."

தில்காவின் கையில் கரண்டி நின்றது. வெளியே போய், யெல்காவின் பலகை ஒன்றை எடுத்துவந்து, கதவைச் சாத்திவிட்டு மேசைமேல் கிடத்தினாள்.

"இடது ஓரத்தைத் தொடு."

தொட்டாள். கத்திபோலக் கூர்மை.

"வலது ஓரம்?"

கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கியிருந்தது.

"போருத் என் அக்கா மகன்தான். பனி இறுகின நாள்ல ஒருத்தரும் சூப்புக்கு நிக்கறதில்லை. அதான் எல்லாத்துக்கும் இடது ஓரத்தை மட்டும் தீட்டச் சொன்னேன். வலது பிடிக்காது, இடது விடாது. கால் மாத்திப் போட்டா மட்டும் இடது ஓரம் வலதாயிடுமா?"

யெல்காவுக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப் பாவி! நான் செத்தவரைப் போய்த் திட்டிட்டேனே! எங்கேருந்துடி உனக்கு இந்தப் புத்தி வந்தது?"

தில்கா சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய தொப்பியை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கேதுடி இந்தப் புத்தி? 'இல்லேன்னா அவ என்கூட வந்து உட்காரவே மாட்டா'ன்னு சொல்லி, உன் புருஷன் உன் பலகைக்கு வருஷாவருஷம் பண்ணினதுதானே."