லேசான வண்டியில் நான்

கல்யாணமான புதிதில் எல்லா ஆண்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது.

அப்போது ஜெர்மனியில், எர்லாங்கன் என்ற ஊரில் இன்ஜினியர் வேலை. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ (மனைவி வாணியைக் கேட்டால் கிழமையே சொல்லுவாள், அதனால்தான் கேட்கவில்லை). திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதமாகியும் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெர்மன் வகுப்பு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில், வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் ஸ்னோமொபைல் ஓட்ட விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். பனியில் ஓடும் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே இரண்டு வாரம் ஆராய்ச்சி. எந்த வண்டி எத்தனை கிலோ என்று எக்செல்லில் அட்டவணை போட்டு, ரயிலில் மூன்று மணி நேரம் வாணிக்கு விளக்கினேன்.

"ஓட்டுனா ஜாலியா இருக்குமா? அதைச் சொல்லுங்க," என்றாள்.

"எடை குறைஞ்சாத்தான் ஜாலி. கனமான வண்டி புதைஞ்சிடும்."

பண்ணைக்கார அம்மாள் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று புதுசு, லேசானது. இன்னொன்று எருமை போல உறுமும் பழைய வண்டி. லேசானதை நான் எடுத்துக்கொண்டேன் (விஷயம் தெரிந்தவன்தானே அதை ஓட்ட வேண்டும்). அந்த அம்மாள் பவேரிய வட்டார ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஆபீசில் ஆங்கிலமே போதும். "யா, யா" என்று தலையாட்டி வைத்தேன்.

வாணி பழைய வண்டியில் பனியை அழுத்திக் கெட்டியாக்கிய பாதையில் மெதுவாகப் போனாள். நான் பாதையை விட்டு, யாரும் தொடாத பனிக்குள் பாய்ந்தேன். வண்டி மிதந்தது. நடுவில் நிறுத்தி, "பாத்தியா, புதையவே இல்ல," என்று கத்தினேன்.

வண்டி பின்பக்கமாக உட்கார்ந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினேன், தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது. தூக்கலாம் என்று இறங்கினேன். இடுப்பு வரை உள்ளே போனேன். ஒரு காலை உருவினேன், பூட்ஸ் வரவில்லை.

இதற்குள் வாணி மூன்று சுற்று முடித்துவிட்டாள். மூன்றாவது சுற்றில் துப்பட்டா பறக்கச் சிரித்துக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏங்க, அங்க ஏன் நின்னீங்க? ஆழமான பனியில நிறுத்தவே கூடாதுன்னு அந்தம்மா மூணு தடவை சொன்னாங்களே."

கயிற்றோடு வந்த அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். வாணி ஹேண்டில் மேல் கவிழ்ந்து குலுங்கினாள்.

"என்ன சொல்றாங்க?"

"வண்டி லேசுதானாம். நீங்க எத்தனை கிலோன்னு கேக்கறாங்க."

அந்த எருமையில் கயிற்றைக் கட்டி, வாணிதான் இழுத்தாள். வண்டி வந்தது; அதைப் பிடித்துக்கொண்டு வயிற்றால் தேய்ந்தபடி நானும் வந்தேன். வாய் நிறையப் பனி. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை நிறுத்த மனம் வரவில்லை. மிச்ச நேரமெல்லாம் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். அந்தப் பழைய வண்டி எத்தனை கிலோ என்று இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது எங்களுக்கு இரண்டு பெண்கள். சோபாவோ சைக்கிளோ வாங்கப் போய், நான் விவரச் சீட்டைப் படிக்கக் குனிந்தால் போதும். சின்னவள் என் தோளைத் தட்டுவாள்.

"வாங்குங்கப்பா. மாட்டிக்கிட்டா அம்மா இழுத்துருவாங்க."