அம்பாசமுத்திரத்தில் அஞ்சலினுக்கு ஓய்வு கொடுத்த விவரம்

சேசு மரி சூசை துணை

உவரி

சேசுவுக்குள் மிகுந்த பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா ஞானசௌந்தரி அவர்களுக்கு, தங்கள் தம்பி ஹென்றி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அஞ்சலினும் பிள்ளைகள் இருவரும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். தங்கள் கன்னியர் மடத்தில் போன் கிடையாது, கடிதம் வந்தாலும் மதர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள் என்பதால் மதர் அவர்களுக்கும் என் தோத்திரம். இந்தக் கடிதத்தின் நடுவே ஓர் இடத்தில் நான் துண்டோடு நிற்பேன். அந்த இடம் வரும்போது மதர் கண்ணை மூடிக்கொள்ளும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற முறை மடத்துக்கு வந்திருந்தபோது கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தாங்கள் சொன்னது நினைவிருக்கும். "ஏலே ஹென்றி, அஞ்சலின் மூஞ்சியப் பாத்தியா? சாலோமி பொறந்ததுல இருந்து அவ நல்லா உறங்கவே இல்லலே. எங்கயாவது ரெண்டு நாள் கூட்டிட்டுப் போ. பிள்ளைகள நீ பாத்துக்கோ" என்றீர்கள். அக்கா சொல்லை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? மீன்பிடி வள்ளத்து இன்ஜினையே ஒற்றை ஆளாக இறக்கி ஏற்றுகிறவன், ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற ஜெர்வினையும் மூன்று வயது சாலோமியையும் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று நினைத்து, அம்பாசமுத்திரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டேன். "ரெண்டு நாளும் நீ பிள்ளைகளத் தொடப்படாது, ராணி மாதிரி இரு" என்று அஞ்சலினிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

திசையன்விளையில் பஸ் ஏறியதும் சாலோமி வாந்தி எடுத்தாள், பக்கத்து சீட்டு அண்ணாச்சியின் சட்டையில். திருநெல்வேலியில் இறங்கி ஜெர்வினைக் காணாமல் தேடினால் வேறு ஒரு குடும்பத்தோடு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஒருவழியாக மணிமுத்தாறு போய்ச் சேர்ந்தால் மலையில் நல்ல மழை, அருவிக்கு யாரையும் விடவில்லை. சரி, அணையையாவது பார்ப்போம் என்று தூக்கிக் காட்டினேன். ஜெர்வின் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா இந்தக் கடல்ல அலையே இல்ல, ரிப்பேரா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். உடனே இவன் அவரிடம், "எங்கப்பா மெக்கானிக்தான், சரி பண்ணிருவாங்க" என்கிறான். அதற்கு மேல் அங்கே நிற்க முடியுமா? லாட்ஜுக்கு வந்துவிட்டோம்.

லாட்ஜில் இருந்த லிஃப்டை ஜெர்வின் கண்டுபிடித்ததுதான் வினை. அதிலிருந்து இறங்கவே மாட்டேன்னுட்டான். கதவு திறக்கும்போதெல்லாம் சப்பரத்தில் மாதா வருகிற மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே நிற்கிறான். அந்த லாட்ஜில் ஒரு கல்யாண வீட்டார் வேறு தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டையா லிஃப்ட் திறந்ததும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு மாடிப்படியில் ஏறிப் போனார். சாலோமிக்கோ ரூமில் இருந்த போன். எந்தப் பட்டனை அமுக்கினாலும் கீழே ரிசப்ஷனில் இருக்கும் இசக்கிச்செல்வி என்ற பிள்ளை எடுக்கும். "ஏ அத்தே, சாப்டியா?" என்று இவள் கேட்பாள். அந்தப் பிள்ளையும் சலிக்காமல் பதில் சொன்னது, அது புண்ணியவதி.

மறுநாள் காலையில், அக்கா, இனிமேல்தான் விஷயமே இருக்கு. "நீ கீழ போயி ஆற அமர சாப்புடு, பைய வா, அவசரமே இல்ல" என்று அஞ்சலினை அனுப்பிவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நானும் ரெண்டு வாளி ஊத்திக்கிட்டு துண்டோட வெளிய வாறேன் (மதர், இந்த இடம்தான்), கதவு ஆன்னு தெறந்து கெடக்கு, ஜெர்வினக் காணோம். சாலோமி கட்டில்ல உக்காந்து போன்ல பேசிட்டு இருக்கா. "மக்கா, அசையாத, அப்பா இப்ப வந்துருதேன்"னு சொல்லிட்டு வெளிய ஓடுனா, லிஃப்ட் மேல போற மாதிரி வெளிச்சம் காட்டுது. துண்ட ஒரு கையில புடிச்சிக்கிட்டு படியேறி மொட்டமாடி வரைக்கும் ஓடுனேன். அங்கன துணி காயுதே ஒழிய பிள்ளையக் காணல. திரும்பி வந்தா மூணாம் மாடியில லிஃப்ட் தெறக்கு, உள்ள சீர்வரிசைத் தட்டோட பொம்பளைங்க நிறைஞ்சு நிக்காங்க, நடுவுல எம் மவன் ஒரு தட்ட ஏந்திக்கிட்டு நிக்கான். அவனப் புடிச்சு இழுத்துக்கிட்டு ரூமுக்கு வந்தா கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு!

தட்டுனேன். கூப்பிட்டேன். உள்ள ஒரு அனக்கமும் இல்ல. உள்ள வாளியில தண்ணி கெடக்கு, சுவத்துல பிளக்கு இருக்கு, ஜன்னல் இருக்கு, ஒவ்வொண்ணா நெனப்பு வருது. மேனேஜர் வன்னியராஜ் அண்ணாச்சி வேற சாவி கொண்டாந்தாரு, சாவி திரும்புது, தாழ்ப்பாள் விடல. "ஒடைங்க அண்ணாச்சி"ன்னேன். "கதவ ஒடைக்கணும்னா மொதலாளிட்ட ஒரு வார்த்த கேக்கணும் வே"ன்னாரு. "உள்ள எம் பிள்ள இருக்கு!"ன்னு கத்துனேன். கல்யாண வீடே திரண்டு வந்துட்டு. செல்லக்கிளின்னு ஒரு பெரியம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏ தம்பி, பிள்ள வரும், நீ மொதல்ல இதக் கெட்டு"ன்னு மாப்பிள்ளைக்கு வச்சிருந்த பட்டுக்கரை வேட்டிய எடுத்துக் குடுத்தா. அழுதுக்கிட்டே கெட்டுனேன்.

கீழ இருந்து இசக்கிச்செல்வி ரூமுக்கு போன் போட்டுப் பேசிட்டு மேல ஓடி வந்தா. "அண்ணாச்சி, பாப்பா எடுத்துட்டா. அழவே இல்ல. கதவத் தெறன்னு சொன்னா, 'மாட்டேன், சத்தம் போடாதீங்க'ன்னு ரகசியமாச் சொல்லுதா. ஏம்மான்னு கேட்டா, 'சொல்லப்படாது'ன்னு வச்சிட்டா"ன்னு சொன்னா. மூணு வயசுல எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தீங்களா, அப்படியே உங்கள மாதிரி. அஞ்சலினக் கூப்பிட்டு வரட்டான்னு மேனேஜர் கேட்டாரு. வேண்டவே வேண்டாம்னுட்டேன். தெரிஞ்சா என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவா. அந்தோணியாரே, பிள்ளைய நல்லபடியாக் குடுத்துரு, ஜெர்வினுக்கு மொட்ட போடுதேன்னு வாய்விட்டு நேர்ந்தேன். "நான் வெளியதானப்பா நிக்கேன், அவளுக்குப் போடுங்க"ன்னு அவன் சண்டைக்கு வாறான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். மேனேஜர் மொதலாளிட்ட கேட்டுட்டு கடப்பாரையோட வாறதுக்கும் டக்குனு தாழ்ப்பாள் திறக்கதுக்கும் சரியா இருந்துச்சு. சாலோமி கதவுல நின்னு கொட்டாவி விடுதா! அப்படியே வாரித் தூக்கி, ஜெர்வினையும் புடிச்சுக்கிட்டு, அஞ்சலினக் கண்ணால பாத்தாத்தான் உசுரு வரும்னு நேரே கீழ ஓடுனேன். சாப்பாட்டு ஹால்ல அவளக் காணோம். சப்ளையர், "அவங்க அப்பவே சாப்ட்டுட்டுப் போயாச்சே"ங்கான். மறுபடி மேல ஓடுனா, ரூம்ல தல சீவிக்கிட்டு இருக்கா! "மூணு பேரும் எங்க போனீங்க? நான் காத்தாட ரோட்டுல நடந்துட்டு இப்பத்தான் வாறேன்"ங்கா. எனக்குப் போன உசுரு வந்துச்சு. "வேட்டி ஏது?"ன்னு கேட்டா. "கல்யாண வீட்ல குடுத்தாங்க"ன்னேன். "நல்லாருக்கு"ன்னா, அம்புட்டுத்தான். செல்லக்கிளி பெரியம்மாவும் வேட்டியத் திரும்ப வாங்க மாட்டேன்னுட்டா.

ஆகவே அக்கா, தாங்கள் இட்ட கட்டளையை நிறைவேற்றிவிட்டேன். அஞ்சலின் இரண்டு நாளும் ராணி மாதிரி இருந்தாள். நடந்த எதுவும் இன்றுவரை அவளுக்குத் தெரியாது, தாங்களும் தெரிவிக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகள் வளர்ந்து அவரவர் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும்வரை இனி எந்த லாட்ஜ் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். எங்களுக்காகவும், அந்த இசக்கிச்செல்வி என்ற பிள்ளைக்காகவும், முகம் தெரியாத அந்த மாப்பிள்ளைக்காகவும் ஒரு செபமாலை சொல்லவும். மதர் இப்போது கண்ணைத் திறந்துகொள்ளலாம். மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் என் தோத்திரம்.

தங்கள் ஆசீரை நாடும் தம்பி,
ஹென்றி

பி.கு.: மைனி, நான் அஞ்சலின் எழுதுதேன். தபாலில் போடச் சொல்லி அவுக கடுதாசிய என் கையில குடுத்தாக. கவர் சரியா ஒட்டல, படிச்சிட்டேன். அம்புட்டு உசரத்துல இருக்க தாழ்ப்பாள மூணு வயசுப் பிள்ள எப்படிப் போடும்னு உங்க தம்பிக்கு இன்னும் தோணல. அன்னைக்கு நான் சாப்பிட்டுட்டு மேல வந்தேன், கதவு தெறந்து கெடந்துச்சு, சாலோமி மட்டும் இருந்தா. உள்ள போயி தாழ்ப்பாளப் போட்டேன். "அம்மா உறங்குதேன், யாரு கேட்டாலும் சொல்லப்படாது"ன்னு சொல்லி அவளப் பக்கத்துல போட்டுக்கிட்டுக் கண்ண மூடுனேன். தட்டுனது, கத்துனது, அந்தோணியாரக் கூப்பிட்டது எல்லாம் கேட்டுச்சு. கடப்பாரைன்னு காதுல விழுந்த பொறவுதான் எந்திரிச்சுத் தெறந்துட்டு பாத்ரூமுக்குள்ள போயிட்டேன். ஆனா மைனி, என்னையக் கூப்பிட வேண்டாம்னு அவுக சொன்ன காரணம் மேல எழுதியிருக்கது இல்ல. "வேண்டாம் அண்ணாச்சி, கல்யாணத்துக்குப் பொறவு இன்னைக்குத்தான் அவ உக்காந்து சூடாச் சாப்பிடுதா, எதுனாலும் நானே பாத்துக்கிடுதேன்"னு அழுதுக்கிட்டே சொன்னாக. அதக் கேட்ட பொறவுதான் எனக்கு நல்லா உறக்கம் வந்துச்சு.