பிள்ளையின் இணைப்பு

"ஒரு சதமும் கட்டமாட்டன். வழக்குப் போடட்டும்!"

சிவராசா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் தள்ளினார். தொலைபேசிக் கம்பனியின் பக்கத்தில், 'பிள்ளையின் இணைப்பு' என்பதற்குக் கீழே, பெயரே கேள்விப்படாத தீவுகளுக்கு எடுத்த அழைப்புகள். எல்லாம் விசேட கட்டணம்.

"றொஷினி! ஆர் பிள்ளை உனக்குத் தீவிலை?"

"நான் எடுக்கேல்லை, பாப்பா." பதினொரு வயது மகள் நிமிர்ந்து நின்றாள். "செய்யாததுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன்."

"அப்ப ஃபோனைத் தா. உண்மை வருமட்டும் கிடையாது."

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தோட பனி முகாம்! ஃபோன் இல்லாட்டி அம்மா விடமாட்டா."

"உண்மையைச் சொல்லு, போகலாம்."

சொல்வதற்கு அவளிடம் வேறு உண்மை இருக்கவில்லை. ஃபோன் பழைய ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போனது. சிவராசா மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்.

எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறதென்று அறியாமல் அவருக்குத் தூக்கம் வராது. தனக்கும் மகளுக்கும் புதிதாக இரண்டு ஃபோன் வாங்கியபோதும், சிம்மைப் போட்டுத்தர வந்த கடைக்காரப் பெண்ணைத் தடுத்துவிட்டு, மனைவி குணேஸ்வரியின் சேலைக்குக் குத்தும் பின்னைக் கொண்டு இதே மேசையில் தானே போட்டவர். ஆகவே, சாப்பிடும்போது விளக்கம் தொடங்கியது.

"இஞ்சாரும், கள்ளன்ர கம்பியூட்டர் ஆயிரம் பேருக்கு ஒரேயடியா அடிக்கும். ஒருதரம் மணி அடிச்சவுடனை நிப்பாட்டிப்போடும். ஆரெண்டு அறிய நாங்கள் திருப்பி எடுப்பம். அது விசேட கட்டண நம்பர். நிமிசத்துக்கு நிமிசம் காசு ஏறும். அதிலை ஒரு பங்கு கள்ளனுக்கு. எங்களை வைச்சிருக்கப் பாட்டும் போடுவான். விளங்குதோ?"

"விளங்குது. சோறு ஆறுது."

அவருடைய ஃபோன் ஒருதரம் அடித்து ஓய்ந்தது. சிவராசா உடனே திருப்பி எடுத்தார்.

"கள்ளனெண்டால்?" என்றாள் குணேஸ்வரி.

"கள்ளன் சின்னப்பிள்ளையளைத்தான் பிடிப்பான். இது எங்கட ஆக்கள். அண்ணை சுவிசிலை, மச்சாள் நோர்வேயிலை. எங்கட சனம் இல்லாத நாடு எது? மிஸ்ட் கோலுக்குத் திருப்பி எடுக்காட்டிப் பேந்து செத்தவீட்டுக்கும் வராதுகள்." ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு ஒரு கோப்பை சோறு முடித்தார். "பாட்டுக் கேக்குது. கலியாண வீட்டிலை நிக்கினம் போல."

மறுநாள் கணினிப் பக்கத்தில் இன்னொரு தீவு முளைத்திருந்தது. டேப் அப்படியே இருந்தது.

"பெட்டிக்குள்ள கிடக்கிற ஃபோனிலை நான் எப்பிடிக் கதைக்கிறது?" என்றாள் றொஷினி.

"அதைத்தான் நானும் கேக்கிறன்!"

வீட்டு இணையத்தின் வழியாகத்தான் ஏதோ நடக்கிறதென்று முடிவுகட்டி, அதன் கடவுச்சொல்லை மாற்றினார். குணேஸ்வரியின் தொலைக்காட்சித் தொடர் பாதியில் நின்றது. மாற்றிய சொல்லை அவரும் மறந்துவிட்டார். இப்போது வீட்டில் இரண்டு பேர் அவரோடு கதைப்பதில்லை.

"பயப்பட மாட்டன்," என்று சுவருக்குச் சொல்லிவிட்டுக் கம்பனிக்கு எடுத்தார். "பிள்ளையின்ர இணைப்பைப் பூட்டுங்கோ! உள்ளேயும் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது! ஓம், இப்பவே! சின்னப்பிள்ளையளைச் சுரண்டிற உங்களை நான்..."

ஃபோன் செத்தது.

"கண்டியளோ! உண்மை கதைச்சவுடனை என்ர ஃபோனையே வெட்டிப்போட்டாங்கள்!"

வியாழன் பின்னேரம் மகளையும், சாட்சிக்கு ஐஸ்கிறீம் பெட்டியையும் கூட்டிக்கொண்டு, ஃபோன் வாங்கிய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடைக்குள் நுழைந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, கவுண்டரில் நின்ற கடைக்காரப் பெண்ணுக்கு முன்னால் பெட்டியை வைத்துத் திறந்தார்.

"தங்கச்சி ஷெரோன், இதுதான் பிள்ளையின்ர ஃபோன். நாலு நாளா ஆரும் தொடேல்லை. போட்டுக் காட்டு பிள்ளை!"

றொஷினி ஃபோனை உயிர்ப்பித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "நாளைக்கு முகாம்," என்று மட்டும் சொன்னாள்.

"இனி என்ர ஃபோனைப் பாரும். பிள்ளையளைக் காப்பாத்த வெளிக்கிட்ட தகப்பனுக்கு இதுதான் பரிசோ?"

ஷெரோன் கணினியைப் பார்த்தாள். "இதிலை பூட்டு விழுந்திருக்கு, அங்கிள்."

"பழிவாங்கல்!"

"திறக்கலாம். பெரியவற்ற சம்மதம் வேணும். அவற்ற ஃபோனுக்கு ஒரு இரகசிய எண் அனுப்பிறன், அதைச் சொல்லுங்கோ." அவள் ஒரு விசையைத் தட்டினாள். "ரெண்டு ஃபோனிலையும் சிம்மை ஆர் போட்டது?"

"வேறை ஆர்? நான்தான்!"

ஐஸ்கிறீம் பெட்டிக்குள் 'டிங்' என்றது.

ஷெரோன் பெட்டியைப் பார்த்தாள். சிவராசாவைப் பார்த்தாள். பிறகு றொஷினியின் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"கம்பனிக் கணக்கிலை நீங்கள்தானம்மா பெரியாள், இந்தப் பிள்ளையின்ர ஃபோனைத் திறக்கிறதுக்கு உங்களுக்குச் சம்மதமோ?"